வயர்கட்டில் அறுத்ததும் எழும்பிய முனைகள்: 316எல் உலோக அச்சில் எஞ்சிய தகைவை அளந்ததும் கணித்ததும்

140 மி.மீ. நீளமும் 25 மி.மீ. அகலமும் 14 மி.மீ. உயரமும் கொண்டு, உள்ளே எண்ணெய்ப் பாதைகள் ஓடும் ஒரு ஹைட்ராலிக் மேனிஃபோல்டை 316எல் துருப்பிடிக்கா எஃகுத் தூளில் லேசரால் அச்சிட்டு, அடித்தட்டிலிருந்து வயர்கட்டில் (மெல்லிய கம்பியில் பாயும் மின்பொறியால் உலோகத்தை அறுக்கும் இயந்திரம்) அறுத்தெடுத்தபோது அதன் இரு முனைகளும் நடுப்பகுதியைவிட 0.6 மி.மீ. மேலே எழும்பியிருந்தன. அடிமுகத்தை மில்லிங் செய்வதற்கென்று 0.5 மி.மீ. மட்டுமே கூடுதலாக விட்டிருந்தோம். கட்டர் நடுப்பகுதியைச் சுத்தமாகச் சீவிச் சென்றது. முனைகளில் மட்டும் ஏறத்தாழ 6 மி.மீ. நீளத்துக்கு வயர்கட்டின் மங்கிய சாம்பல் நிறம் அப்படியே நின்றது. எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் வளையம் அமர வேண்டிய இடமும் அந்த முனைதான்.

அடிமுகத்தில் 1 மி.மீ. கூடுதலாக விட்டால் முகம் சுத்தமாகிவிடும் என்பது உண்மை. ஆனால் வளைவது அடிமுகம் மட்டுமன்று, உள்ளே ஓடும் பாதைகளும் சேர்ந்தே வளைகின்றன. முகத்தைத் தட்டையாகச் சீவினால் முனைகளில் பாதைக்கும் முகத்துக்கும் இடையிலுள்ள சுவர் மெலிந்துபோகும். வளைவுக்குக் காரணம், லேயர்கள் ஆறிச் சுருங்கும்போது உலோகத்துக்குள் பூட்டிக்கொள்ளும் இழுவிசையும் அழுத்தமுமான எஞ்சிய தகைவு. ஆகவே எவ்வளவு வளையும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பார்க்கத் தொடங்கினோம். லேயர் தடிமன் 40 மைக்ரான், லேசர் 200 வாட், வேகம் விநாடிக்கு 800 மி.மீ., கோடுகளுக்கு இடையே 0.1 மி.மீ., ஒவ்வொரு லேயரிலும் கோடுகளின் திசை 67 பாகை திரும்பும். இந்த அமைப்பை இறுதிவரை மாற்றவில்லை.

கணிப்புக்கு எடுத்துக்கொண்டது உள்ளார்ந்த திரிபு முறை (திரிபு என்பது நீளம் மாறும் விகிதம்). 1970களில் ஜப்பானின் ஒசாகாப் பல்கலைக்கழகத்தில் வெல்டிங் வளைவைக் கணக்கிட உருவான அந்த முறையில், லேசர் உருக்கிய ஒவ்வொரு கோட்டின் வெப்ப வரலாற்றையும் பின்தொடர்வதில்லை. ஒவ்வொரு லேயரும் ஆறும்போது இவ்வளவு சுருங்க முயலும் என்று ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு, லேயர்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால், சாதாரண மேசைக் கணினியில் மதிய உணவு முடிவதற்குள் விடை வந்துவிடும். சிக்கல் முழுவதும் அந்த ஓர் எண்ணில்தான் இருக்கிறது. மென்பொருளுடன் வந்த 316எல் எண்ணை அப்படியே போட்டபோது, முனைகள் 0.38 மி.மீ. எழும்பும் என்றது. திசை சரி, அளவு போதாது.

அடுத்து அந்த எண்ணை எங்கள் இயந்திரத்துக்கே உரியதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இதற்குச் சீப்பு வடிவ மாதிரி ஒன்றை அச்சிடுவது வழக்கம். 72 மி.மீ. நீளம், 12 மி.மீ. அகலம், மேலே 4 மி.மீ. தடிமனுள்ள ஒரு கை. அதன் கீழே 1 மி.மீ. தடிமனுள்ள பற்கள் வரிசையாக. ஒரு முனையில் மட்டும் 12 மி.மீ. நீளத்துக்குத் திடமான கட்டை. பற்களை மட்டும் வயர்கட்டில் அறுத்து, கட்டையைத் தட்டோடு விட்டுவிட்டால், 60 மி.மீ. நீளமுள்ள கை விடுபட்டு மேலே எழும்பும். அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் 2018-இல் கணிப்பாளர்களுக்கு வைத்த ஏஎம்-பெஞ்ச் சோதனையிலும் இதே தத்துவந்தான்: 75 மி.மீ. நீளமுள்ள, பன்னிரண்டு கால்கள் கொண்ட பாலம் ஒன்றை அச்சிட்டு, கால்களை அறுத்து, பாலம் எவ்வளவு எழும்புகிறது என்று அளந்தார்கள். அந்தப் பாலத்தின் அகலம் 5 மி.மீ. மட்டுமே, எங்கள் பொருளின் அகலத்துக்கு அருகில் இருக்கட்டும் என்று நாங்கள் சற்று அகலமான சீப்பை எடுத்துக்கொண்டோம்.

இரண்டு சீப்புகளை, ஒன்று எக்ஸ் திசையிலும் மற்றொன்று ஒய் திசையிலுமாக, புதிய 30 மி.மீ. தட்டில் அச்சிட்டோம். அறுப்பதற்கு முன்பு தட்டை அப்படியே சி.எம்.எம். (புள்ளி புள்ளியாகத் தொட்டு அளக்கும் இயந்திரம்) மேசையில் வைத்து, கையின் மேல்முகத்தில் நடுக்கோட்டின் வழியே 5 மி.மீ.க்கு ஒரு புள்ளியாக உயரம் எடுத்தோம். அச்சிட்ட முகம் சொரசொரப்பானது. லேசர் தெறித்து ஒட்டிய உருண்டைகள் ஆங்காங்கே நிற்கும். அதன் முனையிலுள்ள 1 மி.மீ. மாணிக்கக் குண்டால் தொட்டபோது ஒரே புள்ளியில் 40 மைக்ரான்வரை மாறி மாறிக் காட்டியது. 3 மி.மீ. குண்டுக்கு மாறி, ஒவ்வோர் இடத்திலும் அக்கம்பக்கத்தில் மூன்று முறை தொட்டுச் சராசரி எடுத்ததும் அந்தத் தொல்லை அடங்கியது. முகத்தைக் கிரைண்டிங் செய்து சமப்படுத்தலாம் என்று தோன்றும். அந்தக் கிரைண்டிங்கே முகத்தில் புதிய தகைவை ஏற்றிவிடும் என்பதால் அதைத் தொடவில்லை.

வயர்கட் விடுபடும் முனையிலிருந்து தொடங்கிக் கட்டையை நோக்கிச் செல்ல வேண்டும். பற்கள் ஒவ்வொன்றாக அறுபட, கை மேலே எழும்பி இடைவெளி விரிந்துகொண்டே போவதால் கம்பி இறுகுவதில்லை. எதிர்த்திசையில் அறுத்தால் கடைசிப் பல் அறுபடும்வரை ஒன்றும் தெரியாது; அறுபட்ட கணத்தில் கை துள்ளி எழுந்து கம்பியை அறுத்துவிடவும் கூடும்.

எக்ஸ் திசைச் சீப்பின் முனை 1.9 மி.மீ. எழும்பியது, ஒய் திசையில் 1.7. லேயருக்கு லேயர் 67 பாகை திரும்பினால் இரண்டு திசையும் ஒன்றாகவே இருக்க வேண்டுமே என்று கேட்கலாம். ஆனால் அறைக்குள் ஓடும் வாயுவின் திசையோடு ஒத்துவரும் சில கோணங்களை எங்கள் இயந்திரம் தானாகவே தவிர்த்துவிடுகிறது. அதனால் கோடுகள் எல்லாத் திசைகளிலும் சமமாக விழுவதில்லை. ஒரே சீப்போடு நிறுத்தியிருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்காது.

மென்பொருளுக்குள் போவதற்கு முன்பு ஒரு கைக்கணக்கு. கையின் வடிவம் ஏறத்தாழப் பரவளையமாக இருந்ததால் வளைவு எங்கும் சீரானது என்று கொள்ளலாம். வளைவு என்பது எழும்பிய உயரத்தின் இரு மடங்கை நீளத்தின் வர்க்கத்தால் வகுத்தது: 3.8 ÷ 3600, அதாவது மி.மீ.க்கு 0.00106. இதைக் கையின் பாதித் தடிமனான 2 மி.மீ.யாலும், உலோகத்தின் விறைப்பைக் குறிக்கும் 190 கிகாபாஸ்கல் மீள்குணகத்தாலும் பெருக்கினால் 400 மெகாபாஸ்கல். அறுத்ததால் மேல்முகத்தில் விடுபட்ட தகைவு இது. அச்சிட்ட 316எல் 450 முதல் 550 மெகாபாஸ்கலுக்குள் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பதோடு ஒப்பிட்டால், கை அறுபடும்வரை எந்த நிலையில் இழுபட்டுக் கிடந்தது என்பது தெரியும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தகைவில், அடிமுகத்திலிருந்து மேல்முகம்வரை நேர்கோடாக மாறும் பகுதி மட்டுமே வளைவாக வெளிப்படும். வளைவாக மாறாத பகுதி பொருளுக்குள்ளேயே தங்கிவிடுகிறது; சீப்பு அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

1.9, 1.7 என்ற இரண்டு அளவுகளையும் கொடுத்து, மென்பொருள் அவற்றுக்குப் பொருந்தும் திரிபு எண்களைத் தேடிக்கொள்ளும்படி விட்டோம். கணக்குக்காகப் பொருளைப் பிரிக்கும் சிறு கனசதுரங்களின் பக்கம் 1 மி.மீ. நேரத்தை மிச்சப்படுத்த மேனிஃபோல்டுக்கு மட்டும் 2 மி.மீ. கனசதுரங்களைப் போட்டுப் பார்த்தபோது விடை கண்டபடி நகர்ந்தது. எந்த அளவுக் கனசதுரத்தில் எண்ணைக் கண்டுபிடித்தோமோ அதே அளவில்தான் அதைப் பயன்படுத்த வேண்டும். அந்த எண் உலோகத்தின் குணம் அன்று, கணக்கும் இயந்திரமும் சேர்ந்த ஓர் ஒட்டுத் திருத்தம். 1 மி.மீ.க்குத் திரும்பியபின் கணிப்பு 0.49 மி.மீ. ஆனது. அளந்ததோ, ஒரே தட்டில் அச்சிட்ட நான்கு மேனிஃபோல்டுகளில் 0.57 முதல் 0.63 வரை.

மிச்சமிருந்த இடைவெளிக்குக் காரணத்தை முதலில் தூளில் தேடினோம். தூள் மறுசுழற்சிக் கணக்கு, ஆக்சிஜன் அளவு, லேசர் திறன் எல்லாவற்றையும் சரிபார்த்ததில் ஒன்றும் சிக்கவில்லை. விடை தட்டில் இருந்தது. மேனிஃபோல்டுகளை அச்சிட்டது பழைய தட்டு. ஒவ்வொரு முறையும் அறுத்தபின் மேல்முகத்தைக் கிரைண்டிங் செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதில், 30 மி.மீ. தடிமன் 22 மி.மீ. ஆகத் தேய்ந்திருந்தது. வளைவை எதிர்க்கும் வலு தடிமனின் மும்மடிப்படி போகும். 22-ஐ 30-ஆல் வகுத்து மும்மடியாக்கினால் 0.39. அதாவது புதிய தட்டின் வலுவில் ஐந்தில் இரண்டு பங்குதான் மிஞ்சியிருந்தது. தட்டு இளகிக் கொடுத்தால், மேலே வரும் லேயர்களின் இழுப்பில் கீழ் லேயர்கள் இன்னும் கூடுதலாகச் சுருங்குகின்றன. மேலுக்கும் கீழுக்கும் உள்ள வேறுபாடு பெருகி, அறுத்தபின் வளைவும் கூடுகிறது. மென்பொருளிலோ தட்டு எப்போதும் 30 மி.மீ. என்றே இருந்தது.

தட்டு உண்மையிலேயே வளைகிறதா என்று பார்க்க, அடுத்த அச்சு முடிந்ததும் தட்டின் ஒரு மூலையில், சிறு அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை நிறுத்தி, போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினோம். முதல் போல்ட்டில் முள் அசையவே இல்லை. மூன்றாவது தளர்ந்தபோது மெல்ல நகரத் தொடங்கி, நான்காவது முழுவதும் விடுபட்டதும் 0.12 மி.மீ.யில் நின்றது. வயர்கட்டுக்குப் போவதற்கு முன்பே பொருள் தன் வளைவில் ஒரு பகுதியைக் காட்டிவிட்டது. போல்ட்டைக் கழற்றியபின் எடுக்கும் முதல் அளவை ‘அறுப்பதற்கு முந்தைய நிலை’ என்று எழுதி வைத்தால் இந்தப் பகுதி கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

22 மி.மீ. தட்டு, நான்கு மூலை போல்ட்டுகள், போல்ட் கழற்றல், பிறகு ஒரு முனையிலிருந்து அறுத்தல் என்று உண்மையில் நடந்த வரிசையிலேயே படிகளை வைத்து ஓட்டியபோது கணிப்பு 0.56 மி.மீ. ஆனது. எனக்கு இது போதுமானது. 0.6-ஐத் தொட வேண்டும் என்று இதற்கு மேல் எண்ணைத் திருகினால், அடுத்த பொருளில் அது பொய் சொல்லும்.

வளைவு பொருந்திவிட்டது என்பதாலேயே உள்ளேயிருக்கும் தகைவும் பொருந்திவிட்டது என்று சொல்ல முடியாது. மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் ஏறி இறங்கும்போது சோர்வு விரிசல் வருமா என்பதைத் தீர்மானிப்பது தகைவுதான்; ஆகவே அதை நேராக அளக்க மூன்று வழிகளைப் பார்த்தோம்.

முதலில் எக்ஸ்-ரே. மாங்கனீசுக் கதிரில், 316எல்லின் படிக அமைப்பான ஆஸ்டனைட்டின் 311 என்ற அணுத்தளத்தில் அளந்தபோது அச்சிட்ட மேல்முகம் 150 மெகாபாஸ்கலையே காட்டியது. அந்தக் கதிர் சில மைக்ரான் ஆழத்துக்கு மேல் போவதில்லை. அந்த ஆழத்தில் இருப்பது சொரசொரப்பும் ஒட்டிய தூளும்தான், அவற்றால் தகைவைத் தாங்க முடியாது. மின்பகுப்பால் 0.15 மி.மீ. அரித்துவிட்டு மீண்டும் அளந்தபோது 350 ஆனது. முகத்தை அரிக்காமல் எடுத்த எக்ஸ்-ரே அறிக்கை யாராவது கொடுத்தால் அதை நான் இனி வாங்கிப் பார்க்க மாட்டேன்.

இரண்டாவது துளை முறை. 1934-இல் ஜெர்மனியில் மாத்தர் முன்வைத்த யோசனை இது. இன்று ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் இ837 தரத்தின்படி நடக்கிறது. திரிபை அளக்கும் மூன்று ஸ்ட்ரெய்ன் கேஜ்கள் சேர்ந்த ரோசெட்டை ஒட்டி, அதன் நடுவில் 2 மி.மீ. அளவுள்ள துளையைக் காற்று டர்பைனால் 0.05 மி.மீ. படிகளில் 1 மி.மீ. ஆழம்வரை இறக்கி, ஒவ்வொரு படியிலும் விடுபடும் திரிபைப் படிக்க வேண்டும். கிடைத்தது 420 மெகாபாஸ்கல். ஆனால் தகைவு, உலோகம் நிரந்தரமாக நீளும் எல்லையில் 80 சதவீதத்தைத் தாண்டினால், துளையின் ஓரமே நெளிந்து அளவைக் கூட்டிக் காட்டும் என்று அந்தத் தரமே எச்சரிக்கிறது. எங்கள் உலோகத்தின் எல்லை 480. 420 என்பது அதில் 87 சதவீதம். அதனால் அந்த எண்ணை ‘400க்கு அருகில்’ என்பதற்கு மேல் நம்பவில்லை.

மூன்றாவது வழியில்தான் மனம் அதிகம் ஈடுபட்டது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் மைக்கேல் பிரைம் 2001-இல் வெளியிட்ட காண்டூர் முறையில், பொருளைக் குறுக்கே நேராக அறுத்து, அறுபட்ட முகம் எவ்வளவு மேடு பள்ளமாகியிருக்கிறது என்று அளந்து, அந்த முகத்தை மீண்டும் தட்டையாக அழுத்த எவ்வளவு தகைவு வேண்டும் என்று கணக்கிடுகிறோம். அந்தத் தகைவுதான் அறுப்பதற்கு முன் அங்கே இருந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை, வயர்கட், சி.எம்.எம்., இலவச மென்பொருளான கால்குலிக்ஸ் ஆகிய மூன்றும் போதும்.

140 × 25 × 14 மி.மீ. அளவில் பாதைகள் இல்லாத திடமான கட்டைகளை அச்சிட்டு, தட்டிலிருந்து எடுத்தபின் நடுவில் குறுக்கே அறுத்தோம். அறுக்கும் கோட்டுக்கு இருபுறமும் பட்டைகளால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஒருபுறம் மட்டும் பிடித்தால், விடுபட்ட பாதி அறுக்கும்போதே சாய்ந்து, அறுப்பு நேர்கோட்டில் இராது. கம்பி 0.25 மி.மீ. பித்தளை. “சார், ஒரு ஸ்கிம் கட் போட்டுத் தரட்டுமா, முகம் கண்ணாடி மாதிரி வரும்” என்று வயர்கட் நடத்துபவர் கேட்டார். நல்ல மனத்தோடுதான் கேட்டார். இரண்டாம் முறை சீவினால் நாங்கள் அளக்க வந்த மேடு பள்ளமே போய்விடும் என்பதை விளக்கி, மென்மையான அமைப்பில் ஒரே ஓட்டமாக அறுக்கச் சொன்னோம். முதல் கட்டையில் பாதி வழியில் கம்பி அறுந்து, திரும்பக் கோத்துத் தொடங்கிய இடத்தில் மெல்லிய படி ஒன்று விழுந்தது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நகத்தால் வருடினால் தட்டுப்படும்; சி.எம்.எம். அதை 11 மைக்ரான் என்றது. முகத்தின் மொத்த மேடு பள்ளமே 30 மைக்ரானுக்குள் அடங்கும்போது, 11 மைக்ரான் படியுள்ள முகத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் கட்டையை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தோம்.

இரண்டு முகங்களையும் 0.5 மி.மீ. இடைவெளியில் தொட்டு அளந்ததில், முகத்துக்கு ஏறத்தாழ 1,400 புள்ளிகள். ஒரு முகத்தின் அளவுகளைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி மற்றதோடு சராசரி எடுத்தால், கம்பி சற்று வளைந்து சென்றதால் வந்த பிழை தானே நீங்கிவிடுகிறது. விளிம்பில் 0.5 மி.மீ.க்குள் வந்த புள்ளிகளை விட்டுவிட்டோம். அங்கே கம்பி தெறிக்கும் இடமாதலால் அளவுகள் நம்பகமற்றவை. மென்மையாக்கிய பரப்பைத் தலைகீழாக்கிக் கால்குலிக்ஸில் பாதிக் கட்டையின் முகத்தில் இடப்பெயர்ச்சியாகக் கொடுத்தபோது, மேல்முகத்துக்கு அருகில் 310 மெகாபாஸ்கல் இழுவிசை, நடுவில் 220 அழுத்தம், அடிமுகத்துக்கு அருகில் மறுபடியும் 160 இழுவிசை என்று வந்தது. தட்டிலிருந்து எடுத்து, வளைந்து முடிந்தபின் மிஞ்சிய தகைவு இது. கணிப்பு இதே வடிவத்தைக் காட்டியது. ஆனால் மேல்முகத்தில் 390 என்று கூட்டிச் சொன்னது. வளைவு ஏறத்தாழப் பத்து சதவீதத்துக்குள் பொருந்திய அதே கணக்கு, தகைவில் கால் பங்கு விலகுகிறது. வடிவத் திருத்தத்துக்கு இந்த முறையை நம்பலாம். சோர்வு ஆயுளைக் கணக்கிட இதை மட்டும் நம்பி இறங்க எனக்குத் துணிவில்லை.

வடிவத் திருத்தம் நன்றாகவே வேலை செய்தது. முனைகள் எழும்பும் என்று கணித்த அதே அளவுக்கு அவற்றை வரைபடத்திலேயே கீழே இறக்கி, பாதைகளையும் சேர்த்து வளைத்து அச்சிட்டோம். அடிமுகத்தில் சீவ வேண்டிய உலோகம் முனைகளில் 0.5 மி.மீ., நடுவில் 1.06 மி.மீ. அறுத்தபின் பாதைகள் நேராகிவிட்டன. மில்லிங் முடிந்ததும் பாதைக்கும் முகத்துக்கும் இடையிலான சுவர் முழு நீளத்திலும் 0.1 மி.மீ. வேறுபாட்டுக்குள் இருந்தது.

தகைவைக் குறைக்க வெப்பப் பதமே வழி; அதுவும் தட்டிலிருந்து அறுப்பதற்கு முன்பே. 650 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைத்தபின் அறுத்தபோது எழும்பல் 0.34 மி.மீ. ஆகக் குறைந்தது. 900 பாகையில் வெற்றிட உலையில் வைத்தால் ஏறக்குறைய முழுவதும் போய்விடும் என்று எதிர்பார்த்தோம், 0.22 நின்றது. தட்டு சாதாரண மைல்டு ஸ்டீல். அது ஒரு பாகைக்குப் பத்து லட்சத்தில் 12 பங்கு சுருங்கினால், 316எல் 16 பங்கு சுருங்கும். 900-இலிருந்து அறை வெப்பத்துக்கு இறங்கும்போது 140 மி.மீ. நீளத்தில் இது கிட்டத்தட்ட அரை மி.மீ. வேறுபாடு. உலையில் தளர்ந்த தகைவு, ஆறும்போது தட்டின் பிடியால் புதிதாக ஏறிவிட்டது. 316எல் அளவுக்கே சுருங்கும் 304 துருப்பிடிக்கா எஃகுத் தட்டுக்கு மாறியபின் அதே பதத்தில் 0.07 மி.மீ. மட்டுமே எழும்பியது.

செலவு: இரண்டு சீப்புகளை அறுக்க 900 ரூபாய், சி.எம்.எம். மணிக்கு 1,200, துளை முறையில் ஓர் இடத்துக்கு 9,000, வெற்றிட உலையில் ஒரு சுமைக்கு 14,000. 304 தட்டு மைல்டு ஸ்டீல் தட்டைவிடப் பல மடங்கு விலை. ஆனாலும் 316எல் வேலைக்கு இனி மைல்டு ஸ்டீல் தட்டை எடுப்பதாக இல்லை. துளை முறையை மறுபடி செய்ய மாட்டேன்; அந்தப் பணத்துக்குக் காண்டூர் முறையில் முழுக் குறுக்குவெட்டின் படமே கிடைக்கிறது. சீப்பை ஒவ்வொரு தட்டின் மூலையிலும் ஒன்று அச்சிடுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு கிரைண்டிங்குக்குப் பின்னும் தட்டின் தடிமனை அதன் விளிம்பிலேயே எண் பொறிக்கும் அச்சுளியால் அடித்துவிடுகிறோம், அச்சைக் கணக்கில் ஏற்றுபவர் அதைப் பார்த்துத்தான் எண்ணைப் போட வேண்டும். 24 மி.மீ.க்குக் கீழே போன தட்டுகள் இப்போது சிறு பொருள்களுக்கு மட்டும். அடுத்ததாகப் பாதைகளுள்ள மேனிஃபோல்டையே காண்டூர் முறையில் அறுக்கப் போகிறோம். துளையுள்ள குறுக்குவெட்டில் கம்பி ஒரு சுவரிலிருந்து வெளியேறி அடுத்ததில் நுழையும் இடங்களில் விழும் கோடுகளைத் தவிர்க்க, பாதைகளை அதே உலோகக் கம்பியால் இறுக்கமாக அடைத்துவிட்டு அறுத்துப் பார்ப்பதாகத் திட்டம்.